நிலை: வெளியே

கையால் எழுதிப் பல வருஷமாகிவிட்டது. எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறேன் என்றேன். கையெழுத்தில்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். அதுவும் நியாயம்தான். உட்கார நல்ல நாற்காலி, கண்ணைக் கூசாத விளக்கு, தாள் பறக்காமல் இருக்க நிறுத்தி வைத்த மின்விசிறி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் வேலை பார்த்தது ஒரு குளிர்பதனக் கிடங்கில். உறைந்த பட்டாணி, மீன், இறைச்சி எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும், சில வாரம் இருக்கும், ஏறிப் போகும். மொத்தம் நான்கு குளிர் அறைகள். ஒவ்வொன்றிலும் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. கீழே பதினான்கு பேர் வேலை செய்தார்கள். மாடிப்படி ஏறியதும் ஒரு கண்ணாடி அறை இருக்கிறதல்லவா, நீங்களும் வந்து பார்த்தீர்கள், அதில் நான் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து நான்கு கதவுகளும் தெரியும். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கண்ணாடி இருக்கும்போது ஜன்னல் எதற்கு என்று கட்டியவர்கள் நினைத்திருக்கலாம்.

யார் எந்த அறைக்குள் இருக்கிறார் என்பதற்கு ஒரு ஷீட் வைத்திருந்தோம். இணையத்தில் இருப்பது, எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்கலாம், எழுதலாம். ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் சுவரில் ஒரு தொடுதிரை டேப் மாட்டியிருந்தது. ஆளுக்கு ஒரு வரி. பெயர், அறை, நுழைந்த நேரம், நிலை, குறிப்பு. நிலை என்ற கட்டத்தில் இரண்டே சொல்தான் வரவேண்டும்: உள்ளே, அல்லது வெளியே. இதைவிட எளிமையாக ஒன்றைச் செய்ய முடியாது என்று நினைத்துத்தான் செய்தேன்.

பதினான்கு பேர் கை வைத்தால் எளிமை எத்தனை நாள் தாங்கும்? கையுறையோடு தொட்டு வரிகளையே அழித்துவிடுவார்கள். ஒரு நாள் யாரோ பெயர்களை மட்டும் அகர வரிசையில் அடுக்கிவிட்டார்கள். பெயர்கள் நகர்ந்தன, அறைகள் நகரவில்லை. விடுப்பு எடுத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் இரண்டாம் அறைக்குள் நான்கு மணி நேரமாக இருப்பதாகக் காட்டியது. வாட்ச்மேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தொண்டை கட்டும்வரை அவர் பெயரைக் கூவினார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் அன்று மாலை ஏழு மணிவரை உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிசெய்தேன்.

சிரித்தவர்களில் முதல் ஆள் என் மாப்பிள்ளை. என் தங்கையின் கணவர்.

அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல மாட்டேன். நல்ல மனுஷர். வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நானும் தங்கையும் மட்டும்தான் இருந்தோம். கல்யாணம் ஆனதும் அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இருந்தது மூன்று அறை. புதுசாகக் கல்யாணமானவர்கள், காற்றோட்டமான அறை வேண்டும் என்று நானே பின்பக்க அறைக்கு மாறிக்கொண்டேன். அந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் ஒரு முழம் தள்ளி நிற்கும். எனக்கு அது பழகிப்போயிற்று. கிடங்கில் கண்ணாடி, வீட்டில் சுவர். ஒரு மனுஷனுக்கு இரண்டு போதும்.

மாப்பிள்ளைக்கு ஒரு இடத்தில் சும்மா இருக்கத் தெரியாது. அவர் வந்த ஆறு மாதத்தில் வீட்டில் எந்தப் பாத்திரமும் அதனதன் இடத்தில் இல்லை. அதுவரை சட்டைத் துணி வாங்குவதற்குக்கூட என்னைக் கேட்கும் தங்கை, கேட்பதை நிறுத்திவிட்டாள். இதையெல்லாம் மனக்குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

ஷீட்டிலும் அவர் அப்படித்தான். குறிப்பு என்று ஒரு கட்டம் கண்ணில் பட்டால் போதும், கை சும்மா இருக்காது. "இன்னைக்கு ரொம்ப வெயில், நாலாம் அறைக்குக் குடும்பத்தோட குடி போறேன்" என்று எழுதுவார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நெட்டையின் வரியில், "தலை வெளியே, கால் உள்ளே" என்று எழுதி வைத்தார். எல்லோரும் காலையில் வந்ததும் முதல் வேலையாக ஷீட்டைத்தான் திறந்து பார்ப்பார்கள், இன்று அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று. நான் ஒவ்வொன்றையும் அழிப்பேன். அவர் மறுபடி எழுதுவார்.

போன வருஷக் கடைசியில் ஒரு பெரிய வாடிக்கையாளர் கிடங்கைப் பார்க்க வந்தார். மேலாளர் கூட்ட அறையில் பெரிய திரையைப் போட்டு, எங்கள் பாதுகாப்பு முறை இதுதான் என்று ஷீட்டைக் காட்டினார். என்னையும் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார். திரையில் என் வரி வந்தது. நிலை என்ற கட்டத்தில், "எப்போதும் உள்ளே. வெளியே வந்ததாகத் தகவல் இல்லை" என்று இருந்தது.

வந்தவர்கள் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். என்னைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று வீட்டில் மாப்பிள்ளை என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மச்சான், கோவமா? வெளயாட்டுக்குத்தான் எழுதினேன். இன்னைக்குக் காட்டப்போறாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார்.

"கோவமெல்லாம் இல்ல மாப்பிள்ளை" என்றேன்.

உண்மையும் அதுதான். சாப்பிட்டு முடித்து, அறைக்குப் போய், லேப்டாப்பைத் திறந்து, முதல் கட்டங்களைப் பூட்டினேன்.

பூட்டுவது என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வேண்டிய கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, இதை மாற்றும் உரிமை யாருக்கு என்று சொல்லிவிட்டால் போதும். அந்தப் பட்டியலில் என் பெயரை மட்டும் வைத்தேன். மற்றவர்கள் தொட்டால், இந்தக் கட்டம் பாதுகாக்கப்பட்டது என்று பணிவாக ஒரு செய்தி வரும். யாருடனும் சண்டை போட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். இத்தனை வருஷம் இதைச் செய்யாமல் இருந்தோமே என்றுதான் தோன்றியது.

முதலில் தலைப்புகள். அடுத்த வாரம் நேரம். பிறகு குறிப்பு. அதன்பின் நிலை என்ற கட்டத்தையும் பூட்டினேன். இனி கீழே யாரும் தங்கள் நிலையைத் தாங்களே எழுத முடியாது. அறைக்குள் போகிறவர் என் கண்ணாடியைப் பார்த்து ஒரு விரலைக் காட்ட வேண்டும். நான் ‘உள்ளே’ என்று போட்டுவிட்டுத் தலையசைப்பேன். வெளியே வந்தால் இரண்டு விரல். மேலாளரிடம் சொன்னபோது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "இப்பத்தான் இது சிஸ்டம் மாதிரி இருக்கு" என்றார். ஷீட்டில் பிழை வந்தால் முழுப் பொறுப்பும் என்னுடையது என்று ஒரு காகிதத்தில் நானாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதன் நகலையும் நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு ஷீட்டில் ஒரு பிழைகூட இல்லை. ஏழு மாதம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏழு மாதமும் நான் அந்த நாற்காலியைவிட்டு நகர முடியவில்லை. கழிப்பறைக்குப் போவதென்றாலும் நான்கு கதவிலும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பதினான்கு பேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். காய்ச்சல் வந்த நாளிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன். சாவி என் ஒருவனிடம்தானே இருந்தது. யாரிடம் கொடுப்பது?

இனி மூன்றாம் அறையின் கைப்பிடிக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கேட்டீர்கள்.

எல்லாக் குளிர் அறைக் கதவிலும் உள்பக்கம் ஒரு கைப்பிடி இருக்கும். வெளியே கதவு மூடியிருந்தாலும் உள்ளே இருப்பவர் அதை அழுத்தித் திறந்துகொண்டு வந்துவிடலாம். மூன்றாம் அறைக் கதவில் அது கழன்றுவிட்டிருந்தது. முதலில் பார்த்தது மாப்பிள்ளைதான். குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினார்: "மூணாம் அறை உள்கைப்பிடி சும்மா சுத்துது, பிடிக்கல. யாராவது பாருங்க." அழித்தேன். மறுநாள் மறுபடி எழுதினார். அழித்தேன். மூன்றாவது முறை எழுதியபோதுதான் குறிப்பு என்ற கட்டத்தையே பூட்டினேன்.

வீட்டில் ஒரு நாள் கேட்டார். "மச்சான், அந்தக் கைப்பிடி பத்தி எழுதினேனே, பாத்தீங்களா?"

"குறிப்பு அதுக்கான இடம் இல்ல மாப்பிள்ளை. பழுதுக்குத் தனியா ஷீட் இருக்கு."

"அதுவும் லாக் ஆகியிருக்கே."

"எங்கிட்ட அனுமதி கேட்டா திறந்து விடுவேன்."

"இப்பக் கேக்கறேனே மச்சான்."

"மெயில்ல கேளுங்க" என்றேன்.

தங்கை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அவர் மெயில் அனுப்பவில்லை. அவர் குணம் அது. மறுநாள் பார்த்தால், ஷீட்டில் அவருடைய பெயர் இருந்த இடத்தில் "மூணாம் அறைக் கைப்பிடி" என்று இருந்தது. பெயர்க் கட்டங்களை மட்டும் நான் பூட்டாமல் விட்டிருந்தேன். யார் போய்த் தன் பெயரையே மாற்றுவார்கள் என்று நினைத்துவிட்டேன். அன்று முழுவதும் கிடங்கே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. "மூணாம் அறைக் கைப்பிடி, சாப்பிட வர்றியா?" மாலையில் பெயரைத் திருத்திவிட்டு அந்தக் கட்டங்களையும் பூட்டினேன். அதோடு அந்த ஷீட்டில் அவர் எழுதுவதற்கு ஓர் இடமும் மிச்சமில்லை.

கைப்பிடியை ஏன் சரிசெய்யச் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். முறையாக ஒரு கோரிக்கை வரவில்லை. வந்திருந்தால் அன்றே செய்திருப்பேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு வாரம் முன்பு நெட்டை என்னிடம் வந்து, "என்ன சார், வீடு மாறப்போறாங்களாமே, நீங்க தனியாவா இருப்பீங்க?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் தெரியும். இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீடு பார்த்து, முன்பணமும் கொடுத்திருந்தார்கள். கிடங்கு முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. தங்கையிடம் கேட்டேன். "உனக்கும் வசதியா இருக்கும்னுதாண்ணா. முன் அறைக்கே நீ வந்துக்கலாம். எங்க போறோம், கூப்பிட்டா வந்துடற தூரம்தானே" என்றாள். அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. ஜெயிலில் இருக்கும் ஒருத்தர் விடுதலைத் தேதியைச் சொல்வதுபோல இருந்தது.

நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மூன்றாம் அறையில் புதுச் சரக்கு இருந்தது. வாங்கியவர்கள் இரண்டு நாள் வெப்பநிலையைச் சோதித்த பிறகுதான் எடுப்பார்கள். அதனால் பகல் இரண்டு மணிக்குக் கதவை மூடி, கம்பியில் கோத்த ஈய முத்திரை வைக்க வேண்டும். திங்கள் காலைதான் திறக்க வேண்டும். இடையில் திறப்பதற்கு ஒரே ஒரு விதி இருந்தது: ஷீட்டில் யாராவது ‘உள்ளே’ என்று காட்டினால் மட்டும் திறக்கலாம். அந்த விதியை எழுதியதும் நான்தான். முன்பெல்லாம் வாட்ச்மேன் மூடுவதற்கு முன் தலையை உள்ளே விட்டு, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஒரு சத்தம் போடுவார். ஒவ்வொரு தடவையும் அறையின் குளிர் அரை டிகிரி குறைகிறது, ஷீட் இருக்கும்போது கூச்சல் எதற்கு என்று அதை நிறுத்தியிருந்தேன்.

ஒன்று ஐம்பதுக்கு மாப்பிள்ளை மூன்றாம் அறை வாசலில் நின்று ஒரு விரலைக் காட்டினார். நான் ‘உள்ளே’ என்று போட்டேன். ஒன்று ஐம்பத்து நான்குக்கு மேலாளர் போன் செய்து, "எல்லாரும் வெளிய வந்தாச்சா? எனக்கு இப்ப ரிப்போர்ட் அனுப்பணும்" என்றார். நான் நிலை வரிசையை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ‘வெளியே’ என்று நிரப்பிவிட்டேன். அவசரத்தில் செய்த தவறு. இரண்டு மணிக்கு வாட்ச்மேன் டேப்பைப் பார்த்தார், விளக்கை அணைத்தார், கதவை இழுத்து மூடி முத்திரை வைத்தார்.

நேற்றுவரை உங்களிடம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலையில் நீங்கள் ஒரு பிரிண்ட்டை என் முன்னால் வைத்தீர்கள். ஷீட்டின் திருத்த வரலாறு. யார், எந்தக் கட்டத்தை, எந்த நிமிஷத்தில் மாற்றினார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் பூட்டலாம், அதை மட்டும் பூட்ட முடியாது. ஒன்று ஐம்பத்து ஆறுக்குப் பதின்மூன்று கட்டங்கள் மொத்தமாக மாறியிருக்கின்றன. ஒன்று ஐம்பத்து எட்டுக்கு ஒரே ஒரு கட்டம் தனியாக.

ஆகவே மேலே எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். மொத்தமாக நிரப்பியபோது அவருடைய கட்டத்தை விட்டுவிட்டுத்தான் நிரப்பினேன். பிறகு இரண்டு நிமிஷம் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் தொங்கும் ரப்பர் பட்டைகளுக்கு அந்தப் பக்கம், கடைசி அடுக்கில் சரிந்திருந்த பெட்டிகளை அவர் நிமிர்த்திக்கொண்டிருந்தார். மஞ்சள் சட்டையின் முதுகு கொஞ்சம் தெரிந்தது. போகும்போதே ஐந்து விரலையும் விரித்துக் காட்டியிருந்தார், ஐந்து நிமிஷ வேலை என்று. அதனால் குளிருக்குப் போடும் தடித்த கோட்டு ஒன்று உண்டே, அதைப் போடாமல் வெளியே கொக்கியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

பிறகு ‘வெளியே’ என்று போட்டேன்.

அவர் ஒரு பத்து நிமிஷம் உள்ளே இருந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். கட்டத்தில் இருப்பது வெறும் சொல் இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும். பத்து நிமிஷத்தில் திருத்திவிடுவதாகத்தான் இருந்தேன். நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை.

இரண்டு பத்துக்கு நெட்டை மாடி ஏறி வந்தார். "சார், உங்க மாப்பிள்ளைய எங்கயும் காணோம். சைக்கிள் நிக்குது. மூணாம் அறைல இருப்பாரோ?"

"ஷீட் என்ன சொல்லுது?"

"வெளியேன்னுதான் சொல்லுது."

"கோட்டு?"

அவர் எட்டிப் பார்த்தார். "கொக்கில தொங்குது."

"கோட்டு வெளிய, ஷீட்லயும் வெளிய. அப்புறம் எப்படி உள்ள இருப்பாரு?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் படி இறங்கிப் போன பிறகுதான் எனக்கு நிலைமை புரிந்தது. இனி நான் ‘உள்ளே’ என்று மாற்றினால், இரண்டு மணிக்கு ஷீட் தப்பாக இருந்தது என்று ஆகும். மேலாளருக்கு ரிப்போர்ட் போய்விட்டது. பொறுப்பு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நெட்டையிடம் என் வாயாலேயே சொல்லியும் ஆயிற்று. நானே போட்ட பூட்டுகளுக்குள் ஒவ்வொன்றாக நான் நுழைந்து வந்திருக்கிறேன், கடைசியில் திரும்பிப் பார்த்தால் வழி இல்லை. உள்ளே மாட்டிக்கொண்டது அவர் மட்டும் இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றரைக்கு அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தங்கை மூன்று தட்டு வைத்திருந்தாள்.

"அவர் உன்கூட வரலையாண்ணா?"

"முன்னாடியே கிளம்பிட்டாரே. ஷீட்ல வெளியேன்னு இருந்துச்சு."

போன் செய்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. அந்தச் சுவர்கள் இரும்பு, உள்ளே சிக்னல் எட்டாது. நான் சாப்பிட்டேன். நாலு மணிக்குமேல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புது வீட்டுக்குப் போயிருப்பாரோ என்று அங்கே போய்ப் பார்த்துவிட்டு, அப்படியே கிடங்குக்குப் போயிருக்கிறாள். நாலு நாற்பதுக்கு எனக்குப் போன் வந்தது.

"அண்ணா, சைக்கிள் இங்கதான் இருக்கு. வாட்ச்மேன் அண்ணன் கதவத் திறக்கணும்னா ஷீட்ல உள்ளேன்னு வரணுமாம். நீ போன்லயே மாத்தலாமாமே?"

"ஷீட் தப்பா இருக்காதும்மா."

"தப்புன்னு யாருண்ணா சொன்னா? ஒரே ஒரு கட்டம். மாத்து. திறந்து பாத்துட்டு, இல்லன்னா நீ பழையபடி மாத்திக்கோ."

"கொஞ்சம் இரு, பாக்கறேன்" என்று போனை வைத்தேன்.

ஷீட்டைத் திறந்தேன். அவர் வரிக்குப் போனேன். அந்தக் கட்டத்தைத் தொட்டதும் சுற்றிலும் நீலக் கோடு வந்தது. என்னைத் தடுக்கும் செய்தி எதுவும் வரவில்லை, எனக்குத்தான் உரிமை இருக்கிறதே. மூன்று எழுத்து. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடிவிட்டேன். திறந்து பார்ப்பதையெல்லாம் வரலாறு பதிவதில்லை. அதனால்தான் இது உங்கள் பிரிண்ட்டில் இல்லை. அவள் மேலும் பதினோரு முறை கூப்பிட்டாள். அது உங்களிடம் இருக்கும்.

வாட்ச்மேன் ஒரு மணி நேரம் மேலாளரைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார். கிடைக்கவில்லை. ஐந்து நாற்பதுக்கு என்னைக் கூப்பிட்டு, "சார், நான் முத்திரைய வெட்டப்போறேன். உங்க ஷீட்ட நீங்களே வெச்சுக்குங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் மரியாதை இல்லாமல் பேசியது அந்த ஒரு முறைதான். அவரை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கூடாது. நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தாராம். கைப்பிடியைத் திருகித் திருகி உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. உயிர் போனது ஐந்து மணியை ஒட்டி இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். அப்படியென்றால், தங்கை கூப்பிட்டபோது நேரம் இருந்திருக்கிறது. நீங்கள் அதை இரண்டு முறை சொன்னீர்கள். எனக்கு முதல் முறையிலேயே புரிந்தது.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு அவரை வெளியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த நிமிஷத்திலிருந்து ஷீட் சரியாக இருக்கிறது.

தங்கை இப்போது அந்தப் புது வீட்டில்தான் இருக்கிறாள் என்று கேள்வி. தனியாக. நம் வீடு காலியாகக் கிடக்கிறது, முன் அறைக்கு வந்துகொள் என்று சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நீங்கள் கேட்கவில்லை. கேட்கவும் உங்களுக்கு வழியில்லை, ஏனென்றால் இது எந்த வரலாற்றிலும் பதிவாகவில்லை. நானாகத்தான் சொல்கிறேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் அறைக்குள் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அது பழுதாகிப் பல வருஷமாகிறது என்று மேலாளர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். கிடங்கில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பழுதில்லை. அதை அழுத்தினால் என் மேஜைக்கு அடியில் ஒரு சின்ன மணி அடிக்கும். கண்ணாடிக்கு வெளியே கேட்காது.

நெட்டை படி இறங்கிப் போன சற்று நேரத்தில் அது அடிக்க ஆரம்பித்தது. முதலில் நீளமாக. பிறகு விட்டு விட்டு. நடுவில் ஒரு தடவை தாளம் போடுவதுபோலக்கூட அடித்தார். அங்கேயும் விளையாட்டுத்தான் என்று நினைத்தேன். பிறகு அது போய்விட்டது. ஒரு அடி, நீண்ட இடைவெளி, இன்னொரு அடி. மூன்றே காலுக்கு நின்றது.

நான் மணியின் வயரைப் பிடுங்கவில்லை. எழுந்து வெளியே போய்விடவும் இல்லை. போயிருக்கலாம், அன்றைக்கு என் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. மணி நின்ற பிறகும் கால் மணி நேரம், ஒருவேளை மறுபடி அடிப்பாரோ என்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் என்ன செய்திருந்தாலும், அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.